கொடைக்கு உரிய கத்தி

பரிசுப் பொருள் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவன சில உள. சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, கண்ணாடிச் சட்டமிட்ட தெய்வப் படம், பொன்னாடை, மிகுதியாகப் போனால் ஒரு பேனா. இவற்றுள் எதற்கும் எவரும் தடை சொல்லார். ஆயின் ஒருவருக்குக் கத்தி கொடுக்கப் போவதாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் உடனே மாறும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை மூளும் என்பது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லி வரும் பேச்சு. கொடுப்பவர் அதனைத் தரையிலோ பலகையிலோ வைக்க, வாங்குபவர் தாமே எடுத்துக்கொள்வர். ஆங்கிலேயரிடத்தும் இதனை ஒத்த அச்சம் உண்டு. அவர்களுள் கத்தியைப் பரிசாகப் பெற்றவர் கொடுத்தவருக்கு ஒரு சில்லறைக் காசைத் திருப்பிக் கொடுத்து, பரிசை விலைப்பொருளாக்கி, நட்பைக் காத்துக்கொள்வர். அச்சம் இரு சாராருக்கும் பொது, பரிகாரந்தான் வேறு. கைக்குக் கை மாறும்போது விரல் அறுபடாதிருக்கவே நம் முன்னோர் பகையைக் காட்டி அச்சுறுத்தினர் என்று நான் எண்ணுகிறேன். பிள்ளைகளை அடக்குவதற்குப் பூச்சாண்டி எப்படியோ, பெரியோரை அடக்குவதற்குப் பகை அப்படி.

இந்த ஆராய்ச்சி எனக்கு நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் பெருந்தெருவில், பசறைக்கும் பிபிலைக்கும் நடுவே உள்ளது எங்கள் லுணுகலை. அதன் கடைத்தெருவில் என் பழைய மாணவன் ஒருவன் இறைச்சிக் கடை திறந்தான். (மாணவனை 'அவன்' என்று எழுதும் உரிமையை ஆசிரியனிடமிருந்து யாரும் பறிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.) தோட்டத்து லயத்தில் பிறந்தவன், தந்தை கவ்வாத்துக்காரர். படிப்பில் நடுத்தரம்; கணக்கில் மட்டும் கெட்டி. கொழும்பில் ஓர் இறைச்சிக் கடையில் பல்லாண்டு வேலை செய்து, சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பியவன். கடை திறந்த நாள் தொட்டு அவனிடத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். ஆசிரியர் எவரேனும் அவ்வழியே சென்றால், கடையின் உட்புறத்துக்கு நகர்ந்து, ஏதோ தேடுபவன்போல் குனிந்துகொள்வான். திருநீறு பூசிய பண்டிதர் கண்ணில் இரத்தக் கறை படிந்த உடையுடன் படலாகாது என்று நாணினான்போலும்.

அவனுக்குப் பழைய ஆசிரியர் சிலர் கூடி ஒரு பரிசு கொடுப்பதென்று முடிவாயிற்று. இலக்குமி படம் என்றார் ஒருவர். கடிகாரம் என்றார் இன்னொருவர். நல்ல கத்தி வாங்கிக் கொடுப்போம் என்றேன் நான். ஆசிரியர் அறை அமைதியாயிற்று. மூத்த நண்பர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தாங்களா, ஐயா, கசாப்புக் கடைக்குக் கத்தி கொடுப்பது?"

கேள்வி நியாயமானது. நான் ஊன் உண்பவனல்லன். அவ்விரு அதிகாரங்களையும் நீர் கலக்காமலே கற்பித்து வருகிறேன். ஆயினும் வள்ளுவர் வழக்கை எவ்வாறு தீர்க்கிறார் என்று பார்க்க வேண்டும். தின்பதற்காக வாங்குவோர் உலகில் இல்லையாயின், விலைக்கு ஊன் தருவோரும் இல்லை என்பது அவர் கருத்து. குற்றத்தின் வேரை அவர் தேடியது கடைக்காரனின் கட்டையில் அன்று, வாங்குவோனின் கூடையில். தீபாவளிக்கு இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கிச் சென்றபின், அதனை அரிந்து கொடுத்தவனைக் 'கசாப்புக்காரன்' என்று இகழ்வோர் திருக்குறளைத் துணைக்கு அழைக்க இயலாது. மகாபாரதத்து வனபருவத்தில், தவத்தால் செருக்குற்ற கௌசிகன் என்னும் அந்தணனுக்கு அறம் உரைத்தவன் மிதிலை நகரத்து இறைச்சிக் கடையில் இருந்த தருமவியாதன். தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன் என்று தன் நிலையை மறைக்காமல் சொல்லிவிட்டே அவன் உபதேசத்தைத் தொடங்குகிறான். கடைவாயிலில் நின்று பாடங் கேட்ட கௌசிகனுக்கு வராத இழிவு நமக்கு மட்டும் வருமா என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார். இரண்டு ஆசிரியர்கள் மட்டும் கடைசிவரை பங்குப் பணம் தரவில்லை. அஃது அவர்கள் கொள்கை, குறை கூறேன்.

இனி, எந்தக் கத்தி என்பது. உண்மையான இடர் இங்கேதான் தொடங்கிற்று.

புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் கிடக்கின்றன. அதியமானுடைய படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த அந்தப் பாட்டை முப்பது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வந்திருக்கிறேன். கத்தி வாங்கக் கடையேறியபோதுதான் அது வணிகருக்கும் பொருந்தும் என்று தெரிந்தது. பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் ஆறு கத்திகளை வரிசையாக அடுக்கி, அலகில் அலை அலையாகக் கோலமிட்டு, பிடியில் பித்தளைப் பூ வைத்துக் காட்டுகிறார்கள். பெரும்பாலான கோலம் உருக்கில் பிறந்ததன்று; மேலே பொறித்தது. அந்தப் பெட்டி தொண்டைமானின் கொட்டில். அதனை வாங்கிக் கொடுத்தால் அவன் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய மன்னாக்கத்தியாலேயே வேலை பார்ப்பான்.

ஆகவே கடைக்காரரைக் கேட்பதை விட்டுத் தொழிலாளரைக் கேட்பது என்று தீர்மானித்தேன். பதுளையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒரு முதியவர், இசுலாமியர், போயா நாளில் கடை மூடியிருந்தபடியால் ஓய்வாக இருந்தார். கத்தியை நன்கு தீட்டிக்கொண்டு, விலங்குக்கு வேதனை குறையச் செய்க என்பது தம் சமயத்தில் கட்டளையாகவே உள்ளது என்று தொடங்கியவர், ஒரு மணி நேரம் எனக்குப் பாடஞ் சொன்னார். நானும் நல்ல மாணாக்கனாகக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இறைச்சித் தொழிலுக்கு ஒரு கத்தி போதாது. தோலுரிப்பதற்கு வேண்டியது ஐந்தாறு அங்குல நீளமும், மேல்நோக்கி வளைந்த அகன்ற வாயும் உடையது. முனை மழுங்கலாயிருந்தால்தான் தோலைத் துளைக்காது. எலும்பிலிருந்து சதையைப் பிரிப்பதற்கு வேண்டியது ஆறு அங்குல நீளமுள்ள ஒடுங்கிய கத்தி. மூட்டுகளுக்கிடையே நுழைந்து திரும்ப வேண்டும். சதையைத் துண்டங்களாக அரிவதற்குப் பத்து அங்குலம்வரை நீண்ட கத்தி. பல முறை அறுக்காது, ஒரே இழுப்பில் அரிந்து முடிப்பதற்கு அந்த நீளம். எலும்பை உடைப்பதற்குக் கனத்த வெட்டுக்கத்தி. நம் ஊர்க் கடைகளில் புளியங்கட்டையின் மேல் இந்த நான்கு வேலைகளையும் ஒரே வெட்டுக்கத்தி செய்கிறது. அதனால்தான் குழம்பில் எலும்புச் சில்லுகள் பல்லில் படுகின்றன என்று நான் சொல்லத் தகுதியுடையவனல்லன், உண்பவர்கள் சொல்கிறார்கள்.

நான்கனுள் எதைக் கொடுப்பது? முதியவரின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. வெட்டுக்கத்தியை இங்குள்ள கொல்லனிடமே செய்விக்க வேண்டும். மெல்லிய கத்தியைக் கடையில் வாங்க வேண்டும். கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லொறிகளின் வில்தகட்டை வெட்டி எடுத்து அடிக்கிறார்கள். அஃது ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு கரி கலந்த உருக்கு. அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே ஆக்கப்பட்டது. எலும்பின் மேல் விழும் கத்திக்கு அதனினும் பொருத்தமான உலோகம் எளிதிற் கிட்டாது. மதுரைக்கு அப்பால் திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழும் இத்தகைய வில்தகட்டில் எழுந்ததே.

கொல்லனின் உலைக்களத்துக்குப் போவதென்றால் எனக்கு எப்போதும் விருப்பம். கத்தியின் உறுப்புகளுக்கெல்லாம் நம் மொழி உயிருள்ளவற்றின் பெயர்களையே இட்டிருப்பதை அங்கே காணலாம்: வாய், முதுகு, அலகு. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தோய்ச்சலிட்டவுடன் அது கண்ணாடிபோல் கடினமாகிறது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். ஆதலால் அதனை மீண்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். அப்போது தேய்த்துத் துலக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் படரும், பின் கபிலம், பின் ஊதா, பின் நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 230 பாகை, நீலம் ஏறக்குறைய 300 பாகை வெப்பத்துக்கு உரியவை. வைக்கோலில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் வாய் சிதறும். நீலம் வரை விட்டால் சிதறாது, ஆனால் கூர் நில்லாது. எங்கள் கொல்லர் வெப்பமானி எதுவும் வைத்திருக்கவில்லை. வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று நிறத்தைப் பார்த்து, கபிலம் ஊதாவாகும் கணத்தில் எடுத்துவிட்டார். உலைக்களம் ஏன் இருட்டாக இருக்கிறது என்னும் என் நெடுநாள் ஐயம் அன்று தீர்ந்தது.

இந்த மலைகளுக்கும் உருக்குக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. ஊவாவை அடுத்துள்ள சப்பிரகமுவையில், பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவாவிப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய இரும்புலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த கில்லியன் ஜுலெஃப் என்னும் அம்மையார் 1996ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். அவ்வுலைகளை ஊதியது துருத்தி அன்று; பருவக் காற்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே அவ்வாறு இரும்பு உருக்கினர் என்றும், அதிற் கரி மிகுந்த உருக்கும் கிடைத்தது என்றும் அவர் அங்கேயே உலை அமைத்து, காற்றை ஊதவிட்டுச் செய்து காட்டினார். ஆடி ஆவணியில் எங்கள் தேயிலைக்கு மணமேற்றுவதாகச் சொல்லப்படும் கச்சான் காற்றும் அதே தென்மேற்குப் பருவத்துக் காற்றுத்தான். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அரபு அறிஞர் அல்கிந்தி சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிடுகிறார். பலாங்கொடைப் பக்கத்தில் உருக்குச் செய்யும் பழைய முறையை ஆனந்த குமாரசுவாமி கண்டறிந்து, 1908இல் வெளிவந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பதிவு செய்தார். தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதலாக நடத்திய அகழாய்வில் இரும்புலைகளின் எச்சங்களோடு உருக்குச் செய்த சான்றுகளும் வெளிப்பட்டன. நம் நாட்டு உருக்கின் இரகசியத்தை அறிய 1819ஆம் ஆண்டளவில் இலண்டனில் மைக்கேல் பாரடேயே முயன்றார். அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஒரு கத்திக் கம்மியர் என்பதை இங்கு நினைத்துக்கொள்வது நன்று.

மெல்லிய கத்திக்கு வருவோம். லுணுகலையில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் மூடுபனியுமாகவே கழியும். வெறும் கரியுருக்குக் கத்தி ஓரிரவில் துருப்பிடிக்கும். நாள்தோறும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். நீரும் இரத்தமும் உப்பும் ஓயாத இறைச்சிக் கடைக்குத் துருவேறா உருக்கே தக்கது. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடும்போது கண்ட பொருள் அது, குரோமியம் கலந்தது. துப்பாக்கிக்குத் தேடியது மேசைக் கத்தியாய்ப் பயன்பட்டது உலகுக்கு நன்மையே. தொடக்கத்தில் அது கூர் கொள்ளாது என்று கைவினைஞர் நகைத்தனர். கரியும் போதிய அளவு சேர்ந்த இக்காலத்துக் கலவைகளைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மிகக் கடினமான உருக்கே மிக நல்லது என்று விளம்பரங்கள் கூறும். மீனை மெல்லிதாய் அரியும் யப்பானியக் கத்திகள் ராக்வெல் அளவில் 60க்கும் மேல் கடினமாயிருக்கும். இறைச்சிக்காரர் கத்தி 54 முதல் 58 வரை இருந்தால் போதும். எலும்பிற் பட்டால் அது சிறிது மடங்கும்; தீட்டுக்கோலில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் நிமிர்ந்துவிடும். மிகக் கடினமானதோ மடங்காது, சிதறும்.

அலகிற் பொறித்த ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வாங்குவது தவறு. ஷெஃபீல்டுக் கத்தி பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவி சோசரின் கதையில் இடம்பெற்ற புகழுடையது. அப்புகழைக் கண்டு, செருமானியக் கத்திகள் சில அவ்வூர்ப் பெயரைத் தாங்கி ஆங்கில நாட்டுச் சந்தைக்கு வந்தன. அத்தகைய போலிகளைத் தடுக்க 1887இல் பிரித்தானியர் சட்டம் இயற்றினர். பின்னர்ச் செருமனியின் சோலிங்கன் நகரும் தன் பெயரைப் பிறர் கவராதபடி 1938இல் சட்டக் காவல் தேடிக்கொண்டது. இன்று நம் கடைகளில் இரண்டு பெயருமே சல்லிசாகக் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தாலே மெய் தெரியும். முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கோணல் உண்டா என்று நோக்க வேண்டும். பிடியினுள் செல்லும் இரும்பு குட்டையாக இருந்தால் நாளடைவில் ஆடும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே கொழுப்புத் தங்கி அழுகும். கையில் நெய் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள் என்றார் பதுளைப் பெரியவர். கடைக்காரர் அதற்கு இசையவில்லை. ஈரக் கையால் பிடித்துப் பார்த்தேன். பளபளத்த மரப்பிடி வழுக்கிற்று; சொரசொரப்பான கறுத்த நெகிழிப்பிடி நின்றது. அழகு இல்லை, எனினும் அதுதான் சரி.

ஒரு செய்தியை எந்தக் கடைக்காரரும் கேட்கவில்லை. பெறுபவர் எந்தக் கையர்? என் மாணவன் இடக்கைப் பழக்கமுடையவன். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் அவன் எழுதியதை எழுதிய கையாலேயே அழித்துக்கொண்டு போவான். அதனால் எனக்கு அது நன்கு நினைவிருக்கிறது. சில கத்திகளின் வாய் ஒரு பக்கம் மட்டுமே சரித்துத் தீட்டப்பட்டிருக்கும். வலக்கையருக்கென்று சரித்ததை இடக்கையர் பிடித்தால் அது சதைக்குள் கோணிக்கொண்டு ஓடும். இரு பக்கமும் ஒரே அளவு சரித்ததைத் தேடி எடுத்தேன். கத்தியைப் பரிசளிப்பவர்க்கு உருக்கைப் பற்றிய அறிவு இரவலாகக் கிடைக்கும். பெறுபவரின் கையை அவரே அறிந்திருக்க வேண்டும்.

விலையையும் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. நல்ல பிறநாட்டுக் கத்தி ஒன்று அத்தகைய கூலியிற் பல நாட்களை விழுங்கும். தானே வாங்கிக்கொள்ள அவன் துணியமாட்டான். மனைவி பிள்ளைகளின் தேவை முன்னிற்கும். கருவியைப் பரிசாகக் கொடுப்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேட வேண்டியதில்லை. பெட்டியிற் கிடந்த ஆறு கத்திகளின் பணத்தில் எலும்பு பிரிக்கும் கத்தி ஒன்று, கொல்லன் அடித்த வெட்டுக்கத்தி ஒன்று, இருபுறமும் இருவேறு மென்மையுடைய தீட்டுக்கல் ஒன்று, தீட்டுக்கோல் ஒன்று ஆகியவற்றை வாங்கினோம். கல் இன்றிக் கத்தி கொடுப்பது எண்ணெய் இன்றி விளக்குக் கொடுப்பதை ஒக்கும். கோல் மடங்கிய கூரை நிமிர்த்தும். தேய்ந்த கூரைப் புதுப்பிப்பது கல்லே.

சீன ஞானி சுவாங்சியின் நூலில் அரசனுக்கு மாடு அரியும் ஒரு மடையன் வருகிறான். சாதாரணமானவன் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், வெட்டுவதால். வல்லவன் ஆண்டுக்கு ஒன்று மாற்றுவான், அரிவதால். தன் கத்திக்கோ வயது பத்தொன்பது, மூட்டுகளின் இடைவெளியிற் செல்வதால் கூர் அப்படியே உள்ளது என்கிறான் அவன். அரசன் அதைக் கேட்டு, வாழும் முறையைக் கற்றுக்கொண்டேன் என்று வியக்கிறான். இதனைப் பரிசு கொடுக்கும்போது கூட்டத்தில் சொன்னேன். என் மாணவன் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு, "பத்தொன்பது வருஷமா, சேர்?" என்று ஐயத்தோடு கேட்டான். தொழில் தெரிந்தவனின் ஐயம் அது, மகிழ்ந்தேன்.

வெற்றிலை வைத்த தட்டில் கத்திகளைக் கிடத்தி, அவனே எடுத்துக்கொள்ளும்படி நீட்டினோம். பாட்டிமார் மரபும் காக்கப்பட்டது. அவன் எடுப்பதற்கு முன் அவன் தந்தை எடுத்தார். நாற்பது ஆண்டு தேயிலையைக் கவ்வாத்துச் செய்த கை. கவ்வாத்துக் கத்தி கூர் கெட்டிருந்தால் கிளையை வெட்டாது, கடிக்கும். பட்டை பிளந்து, பிளவில் மழைநீர் தங்கி, செடி அழுகும். ஆதலால் தீட்டுக்கல்லை உடன்கொண்டே மலையேறுவார்கள் அவர்கள். அந்த முதியவர் மெல்லிய கத்தியின் வாயைக் கட்டைவிரலால் குறுக்கே தடவினார். முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பின் நகத்தால் ஒருமுறை சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"இரும்பு நல்ல இரும்புங்க, பண்டிதர் ஐயா. ஆனா கடையில போட்டு வர்ற கூரு கூரு இல்லீங்க. இன்னைக்கு ராத்திரி எங்கிட்ட இருக்கட்டும்."

மறுநாட் காலையில், பழைய செய்தித்தாளிற் சுற்றி, கடை திறக்குமுன் கொண்டுவந்து கொடுத்தாராம்.